சேனைக்கிழங்குச் சிறுத்தை

"இதாம்மா அந்தச் சிறுத்தை?" என்று கேட்டார் மேனேஜர் சடகோபன். அவர் கையில் இருந்தது பாதிச் சேனைக்கிழங்கு.

கன்னிகாவின் சாப்பாட்டுக் கூடையில் அகப்பட்டது அது. வெட்டிய பக்கத்தில் நான்கு விரல், ஒரு உள்ளங்கால், எல்லாம் அச்சு அசலாகச் செதுக்கியிருந்தாள். காரியம் முடிந்ததும் தூக்கி எறிந்திருக்கலாம். வறுவலுக்கு ஆகுமே என்று கூடையில் போட்டுக்கொண்டாள். குடும்பப் பெண்ணுக்குத் திருட்டு எப்படி வரும்?

திருமலை அடிவாரத்துக் கோல்ஃப் மைதானம் அது. அடித்த பந்து சிக்கிக்கொள்ளட்டும் என்றே அங்கங்கே வெட்டியிருக்கும் மணல் குழிகளை விடியற்காலையில் வாரி வைப்பது கன்னிகாவின் வேலை. அன்று காலை வாசல் பக்கம் ஒரு குழியிலும் காட்டோரம் ஒரு குழியிலும் சிறுத்தையின் கால்தடம். ஆட வந்த பெரிய மனிதர்கள் பந்தைக்கூடப் பொறுக்காமல் காரில் ஏறிவிட்டார்கள்.

"நாயித்துக்கெழம போட்டி நடக்கலன்னா என் வேலை போயிடும், தெரியுமா?"

"அன்னிக்குத்தான் சார் நகரியில என் பொண்ணுக்கு வளைகாப்பு. எத்தினி வாட்டி லீவு கேட்டேன்? போட்டி இருக்குது, கெடையாதுன்னுட்டீங்க. தாய் இல்லாத பொண்ணாட்டம் அது எப்டி சார் மணையில உக்காரும்?" கன்னிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சிறுத்தை வந்தா மைதானத்த மூடுவாங்கன்னு பார்த்தேன். செஞ்சது தப்புதான் சார். ஆனா..."

"ஆனாவும் வேணாம், ஆவன்னாவும் வேணாம். ரெண்டு குழியையும் வாரிட்டு வூட்டுக்குப் போ. இனிமே உனக்குத் தெனமும் லீவுதான்."

முதலில் காட்டோரக் குழிக்கு அவளை இழுத்துக்கொண்டு போனார். ஆள் மறையும் ஆழம். மேலே அடர்ந்த புதர். மணலைப் பார்த்ததும் கன்னிகாவின் முகம் வெளுத்தது. வேலை போனால் யாருக்கும் வெளுக்கத்தான் செய்யும்.

சடகோபன் உள்ளே இறங்கி, கிழங்கை ஒரு தடத்தின்மேல் வைத்துப் பார்த்தார். தடம் கிழங்கைவிட ஒரு விரற்கடை அகலமாக இருந்தது.

"வெயில்ல கெழங்கு சுண்டிப்போயிருக்குது" என்றார் விஞ்ஞானியைப் போல.

"சார், மொதல்ல மேல வந்துடுங்க. நான் சொல்றத..."

"வாயத் தொறக்காத! பல நாள் திருடன் ஒரு நாள் அகப்படுவான்னு சும்மாவா சொன்னாங்க?"

குழிக்குள் நின்றபடியே முதலாளிக்குப் போன் போட்டார். "சிருத லேது சார்! மீரு தைரியங்கா ரண்டி!" சிறுத்தையே இல்லை, தைரியமாக வரலாம் என்று திருப்பதி வட்டாரத்துச் சிறுத்தைகளைத் தெலுங்கிலேயே ஒழித்துக்கட்டிய நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. சாட்சிக்கு ஒரு படம் இருக்கட்டும் என்று தடங்களுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, புதருக்கு முதுகைக் காட்டியபடி செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

"எதுக்கு அப்டி முழிச்சிக்கினு நிக்கிற? எறங்கி வந்து வாரு."

கன்னிகா இறங்கவில்லை. வாருகோலை இறுகப் பிடித்துக்கொண்டு, குரலை எழுப்பாமல் சொன்னாள்:

"சார், நான் போட்டது வாசலாண்ட குழியில மட்டுந்தான்."