இது இங்கே உதவாது

"அந்தக் கதவைத் தூக்கிடலாம்க்கா. யாராலயும் திறக்க முடியல."

"திறக்கிறதுக்காக வைக்கலடா."

"அப்ப எதுக்குக் கதவு? சுவரே போதுமே."

அக்கா ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவள் வாசலைச் சாத்துவது அப்படித்தான்.

அப்பா இறந்த பிறகு, வெளியூர் வேலையை விட்டுவிட்டு வீடு திரும்பிய தம்பி அக்காவோடு சேர்ந்து செய்த கம்ப்யூட்டர் விளையாட்டு அது. சுடுவது, துரத்துவது எதுவும் கிடையாது. ஓயாத மழையில் ஒரு பழைய வீடு. அறை அறையாகப் போகலாம். கண்ணில் படும் பொருளைச் சொடுக்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். எதை எங்கே வைத்தால் எது திறக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். படமும் ஒலியும் அக்கா. புரோகிராம் தம்பி.

ஆடிப் பார்த்த நண்பர்கள் மழையைப் புகழ்ந்தார்கள். ஒருவர் பாதியில் எழுந்து போய்த் தன் வீட்டு ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாராம். ஆனால் எல்லோரும் மாடிப்படி ஓரத்து அறைக் கதவில் வந்து முட்டிக்கொண்டார்கள். சாவி, கம்பி, கோடாலி, எதை வைத்தாலும், 'இது இங்கே உதவாது' என்று திரையில் எழுத்து வந்தது. பொருந்தாத பொருளுக்கெல்லாம் தம்பி எழுதி வைத்த வரி. உள்ளேயிருந்து மழையோடு மழையாக ஏதோ ஒரு சத்தம் மட்டும் கேட்டது. மோட்டார் என்றார் ஒருவர். கட்டிலை இழுக்கிறார்கள் என்றார் இன்னொருவர்.

வெளியிட ஒப்புக்கொண்ட நிறுவனம், சாவி கொடுங்கள் அல்லது கதவை எடுங்கள் என்று சொல்லிவிட்டது. இது கைநழுவினால் தம்பி பழையபடி வெளியூருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். அது அக்காவுக்கும் தெரியும். தெரிந்தும் பிடித்த பிடியை விடவில்லை. அந்தச் சத்தத்தை எங்கே பதிவு செய்தாய் என்று கேட்டதற்கு, "நீ இங்க இல்லாதப்ப எடுத்தது" என்றதோடு சரி. சமையலறை மேடையில் ஆவி பறக்கும் வெந்நீர் டம்ளர் ஒன்றையும் வரைந்து வைத்திருந்தாள். ஆட்டம் முடியும்வரை அது ஒரு காரியத்துக்கும் ஆகாது. அதையும் நீக்க விடவில்லை.

கடைசியில் அம்மா ஆடட்டும் என்று முடிவானது. அம்மாவுக்குப் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டர் வேலை. முன்னால் நிற்பவர் போகிற ஊரை யோசித்துச் சொன்னாலே பொறுக்காது. அந்த அறை முன்னால் அம்மா சலித்துக்கொண்டால் கதவை எடுத்துவிடுவது என்று பேச்சு. அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மவுஸை இஸ்திரிப் பெட்டி மாதிரிப் பிடித்தாள்.

"யாரை அடிக்கணும்?"

"யாரையும் வேண்டாம்மா. சும்மா சுத்திப் பாரு."

"சும்மா சுத்தறதுக்கா ரெண்டு பேரும் இவ்வளவு நாளா கண்ணைக் கெடுத்துக்கிட்டீங்க?"

ஆனாலும் சுற்றினாள். ஆளில்லாத அறைகளில் எரிந்த விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போனாள். கொடியில் துணி நனைவதைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் பொம்பளையே இல்லையா என்று கேட்டாள். சாவியை எடுத்தாள், கம்பியை எடுத்தாள். வெந்நீர் டம்ளரை எடுக்கச் சொன்னபோது மட்டும், யாரோ குடிக்க வைத்திருப்பார்கள், இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மாடிப்படி ஓரத்துக்கு வந்தாள். கதவைச் சொடுக்கினாள். திறக்கவில்லை.

மறுபடி சொடுக்குவாள் என்று தம்பி காத்திருந்தான். அம்மா சொடுக்கவில்லை. சாவியையும் எடுக்கவில்லை. கை மவுஸின் மேலேயே இருந்தது. திரையில் மழை பெய்துகொண்டிருந்தது.

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு."

கூட்டினான். அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு கதவை விட்டுத் திரும்பி, வந்த வழியே போனாள்.

தம்பிக்கு உள்ளூரச் சந்தோஷம். "பாத்தியாக்கா, அம்மாவே வேண்டாம்னு கிளம்பிட்டாங்க."

அக்கா எப்போதோ ஹெட்போனைக் கழற்றியிருந்தாள். அவன் பக்கம் திரும்பவில்லை.

திரையில் அம்மா சமையலறைக்குப் போனாள். டம்ளரை எடுத்தாள். வழியில் ஒரு முறை துளசி மாடம் வரை போய், வழி தவறிவிட்டோம் என்று தெரிந்து திரும்பி, மாடிப்படி ஓரத்துக்கு வந்து, மூடிய கதவின் முன்னால் டம்ளரை வைத்தாள்.

'இது இங்கே உதவாது.'

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல நிதானமாகப் படித்தாள்.

"யாருடா எழுதினது இதை?"

"நான்தாம்மா. ஏன்?"

"உள்ள இருமுறது உங்க அப்பாடா. அவருக்கு வெந்நீர் உதவாம வேற எது உதவும்?"