வீட்டு உபயோகத்துக்கு

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்த ஹாஜா, திரையைப் பார்த்துவிட்டுச் சாலோமியை நிமிர்ந்து பார்த்தார்.

"யக்கா, இதுல காசு கட்டுன ஆபிஸ் சாப்ட்வேரே ஓடுது. அடுத்த மார்ச் வரைக்கும் கெடு இருக்கு. பொறவு இலவசம் என்னத்துக்கு?"

"அது வேண்டாம். சும்மா கிடைக்குமே, அதைப் போடுங்க."

ஹாஜா பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் பதினைந்து வருடமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். காசு கட்டாமலேயே அதைத் திருட்டுத்தனமாகப் போட்டுத் தரச் சொல்லும் வீடுகள்தான் அவருக்குப் பழக்கம். காசு கட்டியதை எடுக்கச் சொன்ன வீடு இதுதான்.

மடிக்கணினி மகன் ஹெப்ரான் வாங்கிக் கொடுத்தது. பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்த சாலோமி ஓய்வு பெற்ற அன்று, ஓசூரிலிருந்து கொண்டுவந்து இதே மேசையில் வைத்தான். தன்னுடைய கணக்கிலேயே அம்மாவுக்கும் திறந்து கொடுத்தான். அவள் எதை எழுதினாலும் அது தானாக அவன் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். மெஷின் கெட்டாலும் எழுதியது கெடாது என்றான்.

உண்மைதான். ஒருமுறை பெண்கள் ஐக்கிய சங்கத்து அறிக்கையை அவள் எழுதிக்கொண்டிருந்தபோதே அவனிடமிருந்து போன் வந்தது.

"ம்மா, மூணாவது வரியில ஸ்தோத்திரம் தப்பா இருக்கு."

அன்றைக்குச் சிரித்தாள். ஆலயத்தில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

ஹாஜா பழைய கணக்கிலிருந்து வெளியே வந்து, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸை இறக்கத் தொடங்கினார்.

பதினொரு மணிக்குப் போன் அடித்தது. தினமும் அந்த நேரத்துக்கு ஹெப்ரான் கூப்பிடுவான். மாத்திரை போட்டாச்சா என்று கேட்பான். அவள் பக்கத்தில் ஆண் குரல் கேட்டு, யாரென்றான். சொன்னாள்.

"நான்தானம்மா காசு கட்டுதேன். உனக்கு என்ன?"

"வீட்டு உபயோகத்துக்கு இது போதும்ப்பா."

"அதுல எழுதுனது போச்சுன்னா போனதுதான், பாத்துக்கோ."

"நான் என்னத்தப் பெருசா எழுதப் போறேன்."

அம்மாவின் சிக்கனம் மாறவே மாறாது என்று சிரித்தான். மத்தியானத்துக்கு நல்ல மீனாக வாங்கச் சொல்லிவிட்டு வைத்தான்.

சாலோமி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஹாஜா ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, தமிழில் தன் பெயரை எழுதிப் பார்த்து அழித்தார்.

"இது பேரும் கேக்காது, போன் நம்பரும் கேக்காது. நீங்க எழுதுதது இந்தப் பெட்டியை விட்டு எங்கயும் போவாது."

"நெட்டு இல்லாம ஓடுமா?"

"தாராளமா."

"அப்ப நெட்டைக் கழத்திருங்க."

ஹாஜா ஒரு கணம் அவளைப் பார்த்தார். கழற்றிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் போனதும் சாலோமி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மே மாதம் அவள் ஓசூரில் மகன் வீட்டில் இருபது நாள் இருந்தாள். அவள் ஊர் திரும்பிய பத்தாம் நாள், மருமகள் ஜெசி ஏரலிலுள்ள தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். சின்னச் சண்டை, சரியாகிவிடும் என்றான் ஹெப்ரான். கேட்டவர்களிடம் சாலோமியும் அதையே சொன்னாள்.

போன வாரம் பஸ் ஏறி ஏரலுக்குப் போனாள்.

ஜெசிக்கு இடது கை இன்னும் தோளுக்கு மேலே எழும்பவில்லை. ஒற்றைக் கையால்தான் காப்பி கொண்டுவந்து வைத்தாள். வழக்குப் போட்டிருக்கிறாளாம். ஆனால் வீட்டுக்குள் நடந்ததற்குச் சாட்சி வேண்டும் என்கிறாராம் வக்கீல். அன்றைக்கு வீட்டில் வேறு யாரும் இருந்தார்களா என்று கேட்டாராம்.

"நீங்க தூங்கிட்டு இருந்தீங்கன்னு சொல்லிட்டேன், அத்தே."

சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்து ஏற்றிவிட்டாள்.

ஹாஜா திறந்து வைத்த வெள்ளைப் பக்கத்தில் சாலோமி எழுத ஆரம்பித்தாள். பெயர், வயது, விலாசம், காலஞ்சென்ற கணவர் பெயர். மேற்படி ஜெசி என் மருமகள். மே மாதம் பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சுமார் மூன்று மணி. நான் தூங்கவில்லை. சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

அதுவரைக்கும் விரல் நிற்காமல் ஓடியது.

'என் மகன் ஹெப்ரான் இரும்புக் கரண்டியால் அவளை அடித்தான்' என்று எழுதி நிறுத்தினாள். வாசித்துப் பார்த்தாள்.

கோர்ட்டுக்குப் போகிற காகிதத்தில் யாரையும் அவன், அவள் என்று எழுதும் வழக்கம் கிடையாது.

முதலில் 'அவளை' என்பதை 'அவரை' என்று மாற்றினாள்.

பிறகு வரியின் கடைசிக்குப் போய், 'ன்' என்ற எழுத்தை மட்டும் அழித்தாள். அந்த இடத்தில் 'ர்' போட்டாள்.