வாய் நிறைய மருந்து

மரகதத்தின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளை படிந்திருந்தது. புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்தில் உடம்பு எதிர்ப்புச் சக்தியை இழந்ததால் வந்த பூஞ்சை என்றார் டாக்டர். "சொட்டு மருந்தை வாய்க்குள்ளயே கொஞ்ச நேரம் வச்சிருந்து முழுங்கணும். அதுவரைக்கும் பேசக் கூடாது. வாய் சரியாயிடும்" என்றவர், மற்றதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"என் வாயை அடைக்க மருந்து கிடைச்சிருச்சா? இனி உங்களுக்குக் கொண்டாட்டந்தான்" என்றாள் மரகதம், வீட்டுக்கு வந்ததும். அவள் கணவர் சிகாமணி சிரித்துக்கொண்டே மருந்தை ஊற்றினார். அவள் உதடுகளை மூடிக்கொண்டாள்.

வேறு சாதியில் கட்டிக்கொண்டு போன மகளின் பெயரை எடுத்தாலே, "அவ பேச்சு வேண்டாம்" என்று வெட்டிவிடுகிறவள் அவள். இப்போது வெட்ட முடியாது.

"எழிலுக்கு ஃபோன் பண்ணட்டுமா, மரகதம்? ஒரு தடவை வந்து உன்னைப் பாத்துட்டுப் போகட்டுமே. வேண்டாம்னா முழுங்கிட்டுச் சொல்லிடு."

அவள் அவரையே பார்த்தாள். விழுங்க வேண்டிய நேரம் கடந்தும் தொண்டை அசையவில்லை. கன்னங்கள் உப்பியபடியே இருந்தன. கண்கள் மட்டும் நிரம்பின.

அவர் அவசரமாக எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிச் சொன்னது. அது வெளியே கேட்டுவிடாதபடி ஃபோனைக் காதோடு சேர்த்து இறுக்கிக்கொண்டார்.

மரகதம் புருவத்தை உயர்த்தினாள்.

"ரிங் போகுது" என்றார்.

அவள் சரி என்பதுபோல் தலையை ஆட்டினாள். அப்போதும் விழுங்கவில்லை.