ரெண்டு நூல் குறைச்சல்

ஜெர்மன்காரனோடு சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். புருஷன் பட்டாளத்தில் சேர்ந்து காக்கி போடப்போகிறான் என்று நாகம்மாள் சேக்காடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஆள் எடுக்கும் முகாமுக்குப் போன தச்சன் எத்திராஜோ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

"இன்னாய்யா சொன்னாங்கோ?"

"அஞ்சடி ரெண்டு அங்குலம் வேணுமாம். நான் கால் அங்குலம் கம்மியாம்."

"எட்டு நூலு ஒரு அங்குலம். கால் அங்குலம்னா ரெண்டே நூலு! ரெண்டு நெல்லைச் சேத்து வெச்ச அகலம். இதுக்கா என் புருஷனைக் குள்ளன்னாங்கோ?"

அவனைக் கதவோரம் நிறுத்தி, அவனுடைய அடிக்கோலாலேயே அளந்தாள். அஞ்சடி ரெண்டு அங்குலம். ஒரு நூல்கூடக் குறையவில்லை.

"அவுங்க அளவுக் கம்பம்தான் தப்பு! வாய்யா, தொரைகிட்டயே கேக்கறேன். அதுல கோடு போட்ட கபோதி எவன்னு இன்னிக்குப் பாத்துட்றேன்!"

எத்திராஜ் ஓடிப்போய் வாசற்கதவைச் சாத்தினான்.

"மெதுவாப் பேசுடி. அந்தக் கம்பத்தைச் செஞ்சு குடுத்து, ரெண்டு நூலு ஏத்திக் கோடு போட்ட கபோதி நான்தான்."