கல்லீரலில் பிறந்த கிருமி

ஓர் உடம்பின் இரத்தத்தில் ஒரு சிவப்பணு ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் மலேரியாக் கிருமி ஒன்று அதைத் துளைத்து உள்ளே வந்து உட்கார்ந்தது. வந்ததிலிருந்து அதற்குப் பிறந்த வீட்டுப் பேச்சுதான்.

"எங்கள் அம்மாவைக் கொசு கொண்டுவந்து விட்டதும், கல்லீரலில் ஓர் அணு இடம் கொடுத்தது. அங்கேதான் நாங்கள் ஆயிரக்கணக்கில் பிறந்தோம். என்ன வெதுவெதுப்பு, என்ன சாப்பாடு! அந்தக் காலம் இனி வருமா?"

சிவப்பணுவுக்கும் தான் பிறந்த எலும்பு மஜ்ஜை ஞாபகம் வந்து மனம் இளகியது.

"அவ்வளவு நல்ல வீட்டை விட்டு ஏன் வந்தாய்?"

"இடம் போதவில்லை. எல்லோரும் முட்டி மோதினோம், வீடு வெடித்துவிட்டது."

"ஐயோ, இடம் கொடுத்த அந்த அணு?"

"எந்த அணு?" என்றது கிருமி.

உள்ளே தன்னைக் கிருமி தின்றுகொண்டிருப்பது சிவப்பணுவுக்கு இப்போது தெரிந்தது.

"இந்த இரத்தக்குழாய் ஓரமாக ஒட்டிக்கொண்டு நில்லேன். எனக்குப் பிள்ளைகள் பிறக்கப்போகின்றன. பக்கத்தில் இருப்பவர்களும் உன்னைப்போல நல்லவர்களாகத்தான் தெரிகிறார்கள்."

பக்கத்தில், மஜ்ஜையிலிருந்து அன்றுதான் வந்த இளம் அணுக்கள் சிரித்தபடி மிதந்தன. சிவப்பணு ஒட்டிக்கொள்ளவில்லை. ஓட்டத்தோடு திரும்பியது.

"எங்கே போகிறாய்?"

"மண்ணீரலுக்கு. கெட்டுப்போன அணுக்களை அங்கேதான் அழிப்பார்கள்."

"நீயும் அல்லவா செத்துப்போவாய்!"

"ஆமாம்."

மண்ணீரல் நெருங்கியபோது கிருமி மெல்லக் கேட்டது:

"உன் பெயர் என்ன?"