எல்லாக் காலத்துக்கும் ஐந்து பேர்

“என்ட பேர வெட்டுங்க.”

ஸில்மியா இதைச் சொல்வது மூன்றாவது தடவை. கொடுத்த சம்மதப் படிவத்தையும் நிரப்பாமலே மேசையில் திருப்பி வைத்துவிட்டாள்.

அபிவிருத்திச் சங்கச் செயலாளர் பஹ்மிக்குப் பொறுமை போய்விட்டது. கல்முனையில் அவர்களுடைய பெண்கள் பாடசாலையின் புதிய கூடைப்பந்துத் திடலைச் சனிக்கிழமை திறக்கிறார்கள். இதுவரை ஆடிய எல்லாரிலும் சிறந்த ஐந்து பேரைப் பொறுக்கி, ஓர் அணியாகத் திடலின் சுவரில் எழுத வேண்டும். பெயின்டர் நாளைக் காலை வருகிறார்.

ஒருநாளும் சேர்ந்து ஆடாத அணி அது. எண்பத்தேழில் ஆடிய றாபியாவுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். போன வருடம் ஆடிய றிப்னா இன்னும் உயர்தரப் பரீட்சை எழுதவில்லை. யார் உயரம், யார் வேகம் என்று வாட்ஸ்அப்பில் மூன்று வாரம் அடிபட்டுத்தான் நாலு பேரைத் தெரிந்தெடுத்தார்கள்.

ஐந்தாவது பெயருக்கு மட்டும் சண்டையே வரவில்லை. பாடசாலைப் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது: இரண்டாயிரத்து மூன்று, மட்டக்களப்பில் இறுதிப்போட்டி, எட்டாம் இலக்க ஜேர்சி, ஸில்மியா, முப்பத்தொரு புள்ளிகள். இன்றுவரை யாரும் அதைத் தாண்டவில்லை.

படிவம்தான் கொஞ்சம் வேடிக்கை. சுற்றுலாவுக்குப் பிள்ளைகளிடம் கொடுக்கும் அதே தாள். அடியில் ‘பாதுகாவலர் கையொப்பம்’ என்று ஒரு கோடு. றாபியாவுக்கு அவர் பெற்ற மகனே பாதுகாவலராகக் கையெழுத்துப் போட்டிருந்தான். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

கூட்டம் நடப்பது பஹ்மியின் தங்கை நஸ்லாவின் வீட்டில். பஹ்மி பிறந்து வளர்ந்த வீடு. ஊர் வழக்கப்படி வீடு தங்கைக்குப் போனது, அவர் மனைவி வீட்டுக்குப் போனார். ஆனாலும் எந்தக் கூட்டமானாலும் உம்மாவின் வீட்டில்தான் வைப்பார். தேத்தண்ணி நஸ்லாவின் பொறுப்பு.

“சுவர்ல நாலு பேர எழுதி கூடைப்பந்து அணி எண்டா புள்ளைகள் சிரிக்கும்,” என்றார் விளையாட்டு ஆசிரியை ஸுஹைறா. அவர் இந்தப் பாடசாலைக்கு வந்து இரண்டு வருடம்தான். “அப்ப அடுத்த ஆளப் போடுவமா?”

“போடாதீங்க டீச்சர். அந்த இடத்த வெறுமையா உடுங்க.”

பஹ்மிக்கு இது திமிராகப் பட்டது.

“விளங்கிட்டு. மாப்பிள்ளை மௌலவி. பொஞ்சாதிட பேர் சுவர்ல வந்தா அவருக்குக் கூடா. அதானே?”

“அவர் ஒண்டும் சொல்லல்ல.”

“பின்ன என்ன, வெக்கமா? இந்தக் காலத்திலயும் இப்படி ஒளிச்சா நம்மட பொம்புளப் புள்ளைகள் எப்ப முன்னுக்கு வாற? உங்கட வாப்பாவ நினைச்சுப் பாருங்க. அந்த நாளையிலேயே கையெழுத்துப் போட்டு உங்கள மட்டக்களப்புக்கு அனுப்பின மனிசன். அப்படி ஒரு புள்ள என்ட வீட்டில இருந்திருந்தா, நான் தோள்ல தூக்கிக்கிட்டு பஸார் முழுக்கச் சுத்தியிருப்பன்.”

தேத்தண்ணித் தட்டோடு வந்த நஸ்லா வாசலிலேயே நின்றாள்.

ஸில்மியா அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு பஹ்மியிடம் திரும்பினாள்.

“நான் ஒராளுக்கு வாக்குக் குடுத்திரிக்கன். காரணம் கேக்காதீங்க. பேர மட்டும் வெட்டுங்க.”

“ஏலா. புத்தகத்தில உள்ளதுதான் சுவர்ல வரும். உங்கட மாப்பிள்ளைக்கு நான் கதைக்கிறன்.”

நஸ்லா தட்டை மேசையில் வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள்.

“அவவ ஏசாதீங்க காக்கா.”

“உனக்கு இதில என்ன தெரியும்? நீ பந்தத் தொட்டும் பார்க்காத ஆள்.”

“அந்த வருஷம் மட்டக்களப்புக்குப் போக நானும் ஒரு கடிதம் கொண்டு வந்தன். இதே மேசைக்கு. வாப்பா மௌத்தாகி, நீங்கதான் கையெழுத்துப் போட இருந்தீங்க.”

கோப்பையை எடுக்கப் போன பஹ்மி எடுக்கவில்லை.

“நாலாக் கிழிச்சீங்க. பொட்டைக்கு என்ன பந்து எண்டு கேட்டீங்க. நான் ஸில்மியாட வீட்டில படிக்கப் போறன் எண்டு சொல்லிட்டு பஸ் ஏறினன். அவ தன்ட ஜேர்சியத் தந்து, தன்ட பேரையும் தந்துட்டு, நான் வரும் வரைக்கும் வீட்டில கதவச் சாத்திக்கிட்டு இருந்தா. அவட வாப்பாவும் அப்ப இருந்த டீச்சரும் வாய் திறக்கல்ல.” நஸ்லா கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள். “முப்பத்தொண்டும் நான் போட்டது.”

ஸில்மியா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இத்தனை வருடம் பிறர் புகழைச் சுமந்தவளுக்கு இன்றைக்குத்தான் பாரம் இறங்கியது.



ஸுஹைறா டீச்சர் ஸில்மியாவின் பெயரை வெட்டி, நஸ்லாவின் பெயரை எழுதினார். புதுப் படிவம் ஒன்றையும் நிரப்பினார். நஸ்லாவின் கணவர் சவூதியில். அதனால் பழக்கதோஷத்தில் தாளை, பாதுகாவலர் கையொப்பத்துக்காக, பஹ்மியின் பக்கம் நீட்டினார்.

நஸ்லா இடையிலேயே அதை வாங்கிக்கொண்டாள்.

“காக்காட்டக் குடுக்காதீங்க டீச்சர். கிழிச்சிப் போடுவார்,” என்று சொல்லிவிட்டு, அந்தக் கோட்டின் மேல் தன் கையெழுத்தைத் தானே போட்டாள்.