பாலத்து முனைச் சவாரி

கோச்சபம்பா நகரக் கார் கண்காட்சியில் புதுக் காரை ஓட்டிப் பார்க்க வந்திருந்தார் எலூத்தேரியோ. வாழ்நாளெல்லாம் ஷேர் டாக்சி ஓட்டியவர். மனைவி நிக்கோலாசா இறந்ததும் வண்டியை விற்றுவிட்டார். அதன்பிறகு நாள் முழுக்க அவரிடம் பேச்சுக் கொடுக்க ஆளில்லை.

விற்பனைப் பெண் யெசேனியா பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்சீட்டின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை.

பாலத்து முனையில் அவர் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. நிக்கோலாசா அவித்த சோளமும் மதியச் சாப்பாடுமாக அவர் டாக்சியில் ஏறும் இடம் அது.

“என்ன ஐயா, சவாரி ஏத்தப் போறீங்களா?” என்று யெசேனியா சிரித்தாள்.

பின்கதவு திறந்து மூடியது. பிளாஸ்டிக் உறை சரசரத்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. “கதவு சரியா சாத்தல போல,” என்றாள்.

காருக்குள் அவித்த சோளத்தின் வாசனை வந்தது. எலூத்தேரியோ வண்டியை மெல்ல நகர்த்தினார்.

“இன்னிக்கு வெயில் ஜாஸ்தி, இல்ல?”

“ஆமாங்கய்யா,” என்றாள் யெசேனியா. அவர் கேட்டது அவளை அல்ல.

கண்காட்சி வாசலுக்குத் திரும்பியதும் அவள் இறங்கினாள். அவர் இறங்கவில்லை. இன்ஜினையும் அணைக்கவில்லை.

“இறங்குங்கய்யா, அடுத்தவங்க காத்துக்கிட்டிருக்காங்க.”

“கொஞ்சம் பொறும்மா. இறங்கணும்னு சவாரி வாயத் திறந்து சொல்லாம நாங்க யாரையும் இறக்கிவிட்டதில்ல. அவ இன்னும் சொல்லல.”

யெசேனியா பின்சீட்டையே சிறிது நேரம் பார்த்தாள். பிறகு சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு, வரிசையில் நின்றவர்களை வேறொரு காருக்கு அழைத்துப் போனாள்.